பாதை தெரிகிறது, தூரம் தெரியவில்லை



வேங்கடத்தின் அடிவாரத்தில் நின்று தமிழில் பேசுகிறேன். தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் காட்டிய மலை இது. சித்தூரும் இந்த வட்டாரமும் 1911ஆம் ஆண்டு வரை வட ஆற்காட்டு மாவட்டத்தில் இருந்தவை. எல்லை எது, தூரம் எவ்வளவு என்ற கேள்விகள் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் தூரம்தான். ஆனால் கிலோமீட்டரில் சொன்னால் வாய்க்கு அடங்காத தூரம்.

வானத்தில் சில இரட்டை விண்மீன்கள் இருக்கின்றன. அந்த இரண்டில் ஒன்று நியூட்ரான் விண்மீன். அது தன் துணையிடமிருந்து வாயுவை இழுத்துக்கொண்டு, அந்த வாயு விழுகிற வேகத்தில் எக்ஸ் கதிர்களை வீசுகிறது. இவை ஒன்றையொன்று எப்படிச் சுற்றுகின்றன? அந்தப் பாதையை எப்படி அளந்தார்கள்? அவை நம்மிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கின்றன? அந்தத் தொலைவை எப்படி அளந்தார்கள்? இவைதான் இன்றைய கேள்விகள். இந்தத் துறையின் கதையை ஒரே வாக்கியத்தில் சொல்வதானால், பாதையை அளப்பதில் மனிதன் வென்றுவிட்டான், தூரத்தை அளப்பதில் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறான் என்று சொல்வேன். அந்த வெற்றியையும் அந்தப் போராட்டத்தையும்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

இதைத் திருப்பதியில் ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி புதிய திருப்பதி மாவட்டம் பிறந்தபோது, நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூலூர்பேட்டைப் பகுதி இங்கே வந்து சேர்ந்தது. அதோடு பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவும் வந்து சேர்ந்தது. எக்ஸ் கதிர் வானியலுக்கு இந்தியா செய்த பெரிய வேலைகள் அந்த மணல் தீவிலிருந்துதான் கிளம்பின. 1996 மார்ச் 21 அன்று ஐ.ஆர்.எஸ். பி-3 செயற்கைக்கோளில் இந்திய எக்ஸ் கதிர்க் கருவிகள் ஏறிச் சென்றது அங்கிருந்து. 2015 செப்டம்பர் 28 அன்று பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது அங்கிருந்து. 2024ஆம் ஆண்டின் முதல் நாள் காலையில் எக்ஸ்போசாட் புறப்பட்டது அங்கிருந்து. இது உங்கள் மாவட்டத்தின் கதை. அதனால்தான் இங்கே பேசுகிறேன்.

எக்ஸ் கதிரைப் பார்க்க ராக்கெட் எதற்கு என்று ஒரு தம்பி கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. விண்மீன்களின் சாதாரண ஒளி காற்றைக் கடந்து நம் கண்ணுக்கு வந்துவிடும். தெற்கே ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் பெரிய தொலைநோக்கி அந்த ஒளியைத்தான் வாங்குகிறது. ஆனால் விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிரைக் காற்று மண்டலம் மேலேயே விழுங்கிவிடுகிறது. நம் உயிருக்கு அது காவல், வானியலாருக்கு அது திரை. திரைக்கு மேலே போனால்தான் பார்க்க முடியும். 1962 ஜூனில் அமெரிக்காவில் ஒரு சிறு ராக்கெட் சில நிமிடங்கள் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தது. விருச்சிகத்தின் பக்கமிருந்து எக்ஸ் கதிர் கொட்டிக்கொண்டிருந்தது. சூரியனுக்கு வெளியே மனிதன் கண்ட முதல் எக்ஸ் கதிர் விண்மீன் அதுதான்: ஸ்கார்பியஸ் எக்ஸ்-1. அந்தக் குழுவை நடத்திய ரிக்கார்டோ ஜியாக்கோனிக்கு நாற்பது ஆண்டு கழித்து, 2002இல், நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாடும் கைகட்டி நிற்கவில்லை. அதே பத்தாண்டின் இறுதியில், யு. ஆர். ராவ் அவர்களின் குழு தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டு இதே ஸ்கார்பியஸ் எக்ஸ்-1ஐ அளந்தது. 1975இல் சென்ற நம் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவிலும் எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. சில நாளிலேயே மின்சாரக் கோளாறு வந்து அந்த ஆய்வு நின்றுபோனது. ஆனாலும் பாருங்கள், இந்தியாவின் முதல் செயற்கைக்கோளிலேயே எக்ஸ் கதிர் வானியலுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஏழை நாடு என்று உலகம் சொன்ன காலத்தில் அந்தத் துணிவு இருந்தது.

இனி நியூட்ரான் விண்மீனுக்கு வருவோம். சூரியனைவிட நிறையில் பெரியது, அளவில் மிகச் சிறியது. ஒன்றரைச் சூரியனுக்குச் சற்றுக் குறைந்த நிறை, குறுக்களவோ இருபது இருபத்தைந்து கிலோமீட்டர்தான். சந்திரகிரிக் கோட்டைக்கும் ரேணிகுண்டா ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம். அதற்குள் ஒரு சூரியனும் அதற்கு மேலும் அடங்கியிருக்கிறது. இத்தனை சிறிய பொருளை ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து எந்தத் தொலைநோக்கியும் உருவமாகக் காட்டாது. துணையையும் அதையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் கிடையாது. உருவம் தெரியாத இரண்டு பொருள்கள் சுற்றும் பாதையை எப்படி அளப்பது?

இங்கேதான் சென்டாரஸ் எக்ஸ்-3 வருகிறது. தென்வானில் திரிசங்குக்கு மேற்கே இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. 1970 டிசம்பரில் கென்யக் கடற்கரையிலிருந்து உகுரு என்ற சிறு செயற்கைக்கோள் சென்றது. எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோள் அது. 1971இல் அது சென்டாரஸ் எக்ஸ்-3ஐப் பார்த்தபோது, அதன் கதிர் நிலையாக வரவில்லை, துடித்துத் துடித்து வந்தது. 4.84 விநாடிக்கு ஒரு துடிப்பு. நியூட்ரான் விண்மீன் தன்னைத்தானே சுற்றும் காலம் அது. அதே 1971இன் அக்டோபரில்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி ராக்கெட் மேலே போனது என்பதையும் உங்கள் நினைவில் வைக்கிறேன்.

துடிப்பு கிடைத்தது. அடுத்து என்ன நடந்தது? அந்தத் துடிப்பு ஒழுங்காக இல்லை. கொஞ்ச நேரம் சற்று முந்தி வருகிறது, கொஞ்ச நேரம் சற்றுப் பிந்தி வருகிறது. மறுபடி முந்துகிறது, மறுபடி பிந்துகிறது. அதோடு, சில நேரம் கதிரே அணைந்துபோகிறது. அரை நாள் போல அணைந்திருந்து மீண்டும் வருகிறது. இத்தனையும் ஒரு காலக்கணக்குப்படி நடக்கின்றன: 2 நாள், 2 மணி, 5 நிமிடம்.

என்ன பொருள்? நியூட்ரான் விண்மீன் ஒரு பெரிய துணையைச் சுற்றுகிறது. பாதையில் நமக்கு அருகான பக்கத்தில் இருக்கும்போது துடிப்பு கடக்க வேண்டிய வழி குறைகிறது, முந்தி வந்து சேர்கிறது. அப்பால் போகும்போது வழி கூடுகிறது, பிந்தி வருகிறது. இதே நுணுக்கத்தைத்தான் 1676இல் ஓலே ரோமர் என்ற டென்மார்க்கு நாட்டு வானியலார் வியாழனின் நிலவிடம் கண்டார். பூமி வியாழனுக்கு அருகே வரும்போது நிலவின் கிரகணம் முந்தியது, விலகும்போது பிந்தியது. ஒளிக்கும் ஒரு வேகம் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அதனால்தான். ரோமர் கிரகணத்தைக் கொண்டு ஒளியின் வேகத்தைத் தேடினார். ஒளியின் வேகம் கையிலிருக்கும் நாம், துடிப்பைக் கொண்டு பாதையைத் தேடுகிறோம்.

சென்டாரஸ் எக்ஸ்-3இன் துடிப்பு ஏறத்தாழ 40 விநாடி முந்துகிறது, 40 விநாடி பிந்துகிறது. ஆக, பாதையின் ஆரத்தைக் கடக்க ஒளிக்கு 40 விநாடி வேண்டும். ஒரு கோடியே இருபது லட்சம் கிலோமீட்டர்! புதன் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. அந்த வட்டத்தை இரண்டு நாளில் சுற்றி முடிக்க வேண்டுமானால், விநாடிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேலான வேகம் வேண்டும். ஒரு மீட்டர்கோல் இல்லை, ஒரு புகைப்படம் இல்லை. ஒரு கடிகாரம் போதும். கடிகாரத்தைக் கொண்டு வானத்தில் ஒரு வட்டம் வரைந்துவிட்டார்கள்.

இதோடு நின்றதா? இல்லை. ஆரம் தெரிந்தது, காலம் தெரிந்தது. பள்ளியில் படித்த கெப்ளர் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். துணையின் நிறை குறைந்தது 15 சூரியன் என்று கணக்கு வந்து நிற்கும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு போட்டுவிடக்கூடிய கணக்கு இது. 1974இல் போலந்து வானியலார் கிரிசெமின்ஸ்கி அந்தத் துணையைக் கண்ணால் காணும் ஒளியிலேயே தேடிப் பிடித்தார். கணக்கு சொன்னபடியே பெரிய நீல விண்மீன். ஏறத்தாழ இருபது சூரிய நிறை.

கிரகணம் என்றால் திருமலையில் நடை சாத்துவார்கள், திருக்காளத்தியில் சாத்தமாட்டார்கள். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமக்குக் கிரகணம் ஆண்டுக்குச் சில முறை. சென்டாரஸ் எக்ஸ்-3இல் இரண்டு நாளுக்கு ஒரு கிரகணம். நியூட்ரான் விண்மீன் துணையின் பின்னே மறையும் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் வானியலாருக்கு ஒரு கொடை. எத்தனை நேரம் மறைகிறது என்பதிலிருந்து துணையின் பருமன் தெரிகிறது, பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் தெரிகிறது.

அந்தக் கிரகணக் கணக்கில் இன்னொரு செய்தி ஒளிந்திருந்தது. பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் ஹர்ஷா ராய்ச்சூரும் பிஸ்வஜித் பாலும் 2010இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் அறிய வேண்டும். பல்லாண்டுக் கால அளவைகளை அடுக்கிப் பார்த்தால், இந்தப் பாதை சுருங்கிக்கொண்டே வருகிறது. சுற்றும் காலம் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 1.8 பங்கு குறைகிறது. விநாடியில் சொன்னால், ஆண்டுக்கு மூன்றில் ஒரு விநாடி. இது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். சேர்த்துப் பாருங்கள். நாற்பது ஆண்டில் அந்தச் சின்னக் குறைவு சேர்ந்து சேர்ந்து, பழைய கணக்குப்படி எதிர்பார்த்த நேரத்தைவிட ஏறத்தாழ அரை நாள் முன்னதாகவே கிரகணம் வந்துவிடும். பஞ்சாங்கம் கணிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெரிய துணையின் அலைப்பெருக்கு விசை நியூட்ரான் விண்மீனை மெல்ல மெல்ல உள்ளே இழுக்கிறது. ஒரு மனித ஆயுளுக்குள் ஒரு விண்மீன் அமைப்பு மாறுவதை நாம் அளந்து சொல்லிவிட்டோம்!

இன்னும் வேகமானவை உண்டு. 1998இல் ஒரு நியூட்ரான் விண்மீன் விநாடிக்கு 401 முறை சுழல்வதைக் கண்டார்கள். அதன் பாதைக் காலம் இரண்டு மணி நேரம். துடிப்பு முந்துவதும் பிந்துவதும் விநாடியில் பதினாறில் ஒரு பங்கு, பத்தொன்பதாயிரம் கிலோமீட்டருக்குச் சமம். அந்தப் பாதையை அளந்தவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளி விஞ்ஞானி தீப்தோ சக்ரவர்த்தி. இதையும் மிஞ்சியது 4யு 1820-30. அதன் பாதைக் காலம் 685 விநாடி. பதினொன்றரை நிமிடத்தில் ஒரு சுற்று. நான் பேசத் தொடங்கிய பிறகு அது ஒரு சுற்றை முடித்திருக்கும்.

துடிக்காத விண்மீனை என்ன செய்வது? இதுதான் அடுத்த சிக்கல். முதல் முதலில் கண்ட ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 இருக்கிறதே, வானத்திலேயே மிகப் பிரகாசமான நிலையான எக்ஸ் கதிர் மூலம், அதில் துடிப்பு கிடைக்கவே இல்லை. கிரகணமும் இல்லை. கடிகாரம் இல்லாத இடத்தில் காலத்தை எப்படி அளப்பது?

விடை ஒரு பழைய அலமாரியில் இருந்தது. ஹார்வர்டு வானாய்வகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். எக்ஸ் கதிர் விண்மீன் என்ற எண்ணமே பிறக்காத காலத்துத் தகடுகள் அவை. 1975இல் காட்லிபும் அவர் தோழர்களும் அந்த எண்பத்தைந்து ஆண்டுத் தகடுகளில் அந்த விண்மீனின் மங்கலையும் பிரகாசத்தையும் அளந்து அடுக்கினார்கள். 18.9 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்ற இறக்கம் தெரிந்தது. பாதைக் காலம் கிடைத்துவிட்டது. 2002இல் ஸ்டீக்ஸும் கசாரெஸும் துணை விண்மீனின் நிறமாலைக் கோடுகளையே பிடித்தார்கள். எக்ஸ் கதிர் பட்டுச் சூடேறிய துணையின் முகத்திலிருந்து வரும் நைட்ரஜன், கார்பன் கோடுகள் அவை. அவை முன்னும் பின்னும் அசைவதிலிருந்து துணையின் வேகம் கிடைத்தது. தகடுகளை எடுத்தவர்களுக்கு அவை எதற்குப் பயன்படும் என்று தெரியாது. இருந்தாலும் எடுத்தார்கள், இருந்தாலும் பாதுகாத்தார்கள். ஆவணம் காப்பவர்களை நாம் கொண்டாட வேண்டும்.

பாதை முடிந்தது. இனி தூரம். நண்பர்களே, இங்கே வழி செங்குத்தாகிறது.

தூரத்தை அளக்க மனிதனுக்குத் தெரிந்த மிக நேர்மையான வழி முக்கோணம். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையில் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோடு அளந்தார். அந்தக் கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் குன்றின் தூரம் தெரிந்துவிடும். அப்படி முக்கோணம் முக்கோணமாகத் தொடுத்தே இந்தியா முழுவதையும் அளந்தார்கள். விண்மீனுக்கும் அதே வழிதான். அடிக்கோடு மட்டும் வேறு. பூமி சூரியனைச் சுற்றுகிறதே, ஜனவரியில் ஓரிடம், ஜூலையில் எதிர்ப்பக்கம். முப்பது கோடி கிலோமீட்டர் அடிக்கோடு! இந்த அரையாண்டில் அருகிலிருக்கும் விண்மீன் பின்னணியிலிருந்து சற்றே இடம் மாறித் தெரியும்.

எவ்வளவு மாறும்? ஒரு பாகையில் 3600 விகலை. ஸ்கார்பியஸ் எக்ஸ்-1இன் இடமாறு கோணம் ஒரு விகலையில் ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு ரூபாய்க் காசைப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பூமியின் மறுபக்கத்தில் வைத்தால் எத்தனை சிறிதாகத் தெரியுமோ அத்தனை சிறிது. அதையும் அளந்தார்கள். ஹவாய் தீவிலிருந்து கரீபியக் கடல் வரை பத்து ரேடியோ ஆன்டெனாக்களை ஒரே கண்ணாக இணைத்து, பல ஆண்டுகள் பார்த்து, 1999இல் முடிவு சொன்னார்கள்: ஏறத்தாழ 9,100 ஒளியாண்டு. பின்னர் ஐரோப்பாவின் கையா செயற்கைக்கோள் அதே விண்மீனை அளந்து ஏழாயிரத்துச் சொச்சம் என்றது. இரண்டும் மிக நுட்பமான கருவிகள், இரண்டும் திறமையான குழுக்கள். இருந்தும் விடையில் ஆயிரம் ஒளியாண்டுக்கு மேல் வேறுபாடு. அதனால்தான் போராட்டம் என்றேன்.

கையா இந்தத் துறைக்குப் பெரும் உதவி செய்தது, அதை மறுப்பதற்கில்லை. 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 வரை வேலை செய்து, கோடிக்கணக்கான விண்மீன்களின் இடமாற்றத்தை அளந்தது. துணை விண்மீன் பிரகாசமாக இருந்தால் அதன் அளவு நன்றாக வரும். வேலா எக்ஸ்-1 அப்படி ஒன்று. அதன் துணையைச் சாதாரணப் பைனாகுலரில் இந்த ஊரிலிருந்தே தெற்கே பார்க்கலாம். அதன் தூரம் ஆறாயிரத்து ஐந்நூறு ஒளியாண்டுக்கு அருகே என்று கையா உறுதி சொல்கிறது. தூரம் கூடக்கூடக் கோணம் சுருங்கும். கோணம் சுருங்கச் சுருங்கப் பிழை வாய் திறக்கும்.

நாம் அவ்வளவு நுட்பமாகப் பாதை அளந்த சென்டாரஸ் எக்ஸ்-3க்கு வாருங்கள். 1974இல் அதன் தூரம் ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு என்று மதிப்பிட்டார்கள். 2009இல் தாம்ஸனும் ராத்ஸ்சைல்டும் ஓர் அழகான வழியில் அளந்தார்கள். நியூட்ரான் விண்மீன் கிரகணத்திலிருந்து வெளியே வரும் நேரத்தில், நேரே வரும் கதிர் உடனே தெரிகிறது. வழியிலுள்ள தூசியில் பட்டுச் சிதறி வரும் கதிரோ சுற்றுவழியில் தாமதித்து வருகிறது. அந்தத் தாமதத்திலிருந்து தூரம் கணக்கிட்டார்கள். 18,600 ஒளியாண்டு என்று வந்தது. பிழை எவ்வளவு? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறத்தாழ ஐயாயிரம் ஒளியாண்டு! பாதைக் காலம் ஆண்டுக்கு மூன்றில் ஒரு விநாடி குறைகிறது என்று சொல்ல முடிந்த நமக்கு, அதே விண்மீனின் தூரத்தில் ஐயாயிரம் ஒளியாண்டு கூடக் குறையத் தெரியவில்லை. 26,000 என்றால் அதன் உண்மை ஒளி 18,600 என்றால் வருவதைப்போல இரண்டு மடங்கு. தூரம் தெரியாமல் ஒளி தெரியாது. ஒளி தெரியாமல், துணையிடமிருந்து எவ்வளவு வாயு விழுகிறது என்பதும் தெரியாது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. அந்த வழியில் தமிழர் ஒருவரின் பெயரும் சேர்ந்திருக்கிறது.

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பலேறிச் சென்ற இருபத்துநான்கு வயது சுப்ரமணியன் சந்திரசேகர், வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று பேசுகிறார். அவருக்குப் பின் பேசிய ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் பெருந்தலை, அதை ஏற்கவில்லை, அவையிலேயே மறுத்தார். இளைஞரின் கணக்குதான் சரி என்று உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. 1983இல் நோபல் பரிசு வந்தது. இந்தக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் சொல்ல வருவது அதன் பின்கதை.

நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் விழுந்து சேரும் ஹைட்ரஜனும் ஹீலியமும் ஒரு கட்டத்தில் அணுக்கரு நெருப்பாகப் பற்றிக்கொள்ளும். சில விநாடிகளில் வெடித்து ஓயும். 1975இல் இதை முதலில் கண்டார்கள், முன்பு நான் சொன்ன அந்தப் பதினொன்றரை நிமிட விண்மீனில். சில வெடிப்புகளில் ஒளியின் தள்ளுவிசை ஈர்ப்பை வென்று மேலடுக்கையே தூக்கி எழுப்பிவிடும். அதற்கு மேல் பிரகாசம் கூட முடியாது. அந்த உச்சவரம்பை முன்பே கணக்கிட்டவர் யார்? அதே எடிங்டன்! எல்லா நியூட்ரான் விண்மீன்களும் ஏறத்தாழ ஒரே நிறையாக இருந்தால், உச்சவரம்பும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். உண்மை ஒளி தெரியும், நமக்குத் தெரியும் ஒளியும் தெரியும், தூரம் தானே வந்துவிடும். 2003இல் கூல்கர்ஸ் குழுவினர், கோளக் கொத்துகளில் இருக்கும் வெடிப்பு விண்மீன்களை எடுத்துச் சோதித்தார்கள். அந்தக் கொத்துகளின் தூரம் வேறு வழியில் தெரிந்திருந்தது. உச்சவரம்பு சூரியனைப்போல ஒரு லட்சம் மடங்கு என்று வந்தது. இதைக் கொண்டு தூரம் அளந்தால் பிழை நூற்றுக்குப் பதினைந்து அளவில் நிற்கும். இந்தத் துறையில் அது நல்ல துல்லியம்.

சந்திரசேகர் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் வானாய்வகம் 1999 ஜூலையில் விண்ணுக்குப் போனது. 2013இன் இறுதியில் சர்சினஸ் எக்ஸ்-1 என்ற நியூட்ரான் இரட்டை திடீரென்று பொங்கி எழுந்து அடங்கியது. பதினாறரை நாளுக்கு ஒருமுறை துணையைச் சுற்றும் விண்மீன் அது. பொங்கல் அடங்கிச் சில வாரம் கழித்துச் சந்திரா அதைப் பார்த்தபோது, அதைச் சுற்றி நான்கு ஒளி வளையங்கள்! வழியில் நின்ற தூசி மேகங்களில் பட்டுச் சிதறி, பிந்தி வந்த கதிர்கள் அவை. வளையத்தின் ஆரம் கோணத்தைச் சொன்னது, பிந்திய நாள் கணக்கு வழியின் நீளத்தைச் சொன்னது, ரேடியோ தொலைநோக்கி அந்த மேகங்களின் இருப்பிடத்தைச் சொன்னது. மூன்றும் சேர்ந்து தூரத்தைச் சொல்லின: 30,700 ஒளியாண்டு. 2015இல் செபாஸ்டியன் ஹைன்ஸ் குழு இதை வெளியிட்டது. அதுவரை அந்த விண்மீனின் தூரம் குறித்து ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் படித்த தூர அளவைகளில் இதைப்போல என்னை மகிழ்வித்தது வேறில்லை.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நியாயமான கேள்வி. தூரம் சரியாகத் தெரிந்தால் நியூட்ரான் விண்மீனின் ஆரம் சரியாக வரும். ஆரம் வந்தால், எந்த ஆய்வகத்திலும் செய்ய முடியாத அடர்த்தியில் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரியும். இன்னொன்றும் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ-இந்தியா ஆய்வகத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இடைவிடாத மெல்லிய ஈர்ப்பலைகளை உலக லைகோ குழுக்கள் தேடும் முதன்மையான இலக்குகளில் ஒன்று நம் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1. அதன் சுழற்சி வேகம் தெரியாது. பாதையாவது துல்லியமாகத் தெரிந்தால்தான் தேடல் கைக்குள் அடங்கும். பழைய கண்ணாடித் தகட்டில் தொடங்கிய கணக்கு அங்கே போய் உதவி செய்கிறது.

இறுதியாக, உங்கள் மாவட்டத்துக்குத் திரும்புகிறேன். ஆஸ்ட்ரோசாட் ஐந்தாண்டு உழைக்கும் என்று திட்டமிட்டு அனுப்பினார்கள். பத்தாண்டு உழைத்துவிட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் செய்த அதன் பெரிய எக்ஸ் கதிர்க் கருவி, ஒவ்வொரு கதிர்த்துகளின் வருகையையும் விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நுட்பத்தோடு குறித்து வைக்கிறது. துடிப்பு முந்துவதையும் பிந்துவதையும் அளக்க இதைவிட நல்ல கடிகாரம் கிடைப்பது அரிது. அந்தத் தரவுகள் 2018 செப்டம்பர் முதல் பொதுமக்களுக்கே திறந்து விடப்பட்டிருக்கின்றன. பணம் கேட்பதில்லை. பட்டம் கேட்பதில்லை.

ஆனால் ஒரு குறையை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ராக்கெட் இங்கிருந்து கிளம்புகிறது, அளவை வேறெங்கோ நடக்கிறது. மும்பையில் நடக்கிறது, பெங்களூரில் நடக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவின் புகைத்தடத்தைப் பார்த்துக் கைதட்டும் சித்தூர், திருப்பதி மாணவர்களின் கணினியில் அது நடக்க வேண்டாமா? இங்கே வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது, இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஐ.ஐ.டி. இருக்கிறது, சித்தூரிலும் மதனப்பள்ளியிலும் புத்தூரிலும் கல்லூரிகள் இருக்கின்றன.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஜப்பானியரின் மாக்ஸி என்ற எக்ஸ் கதிர்க் கருவி 2009 முதல் வானத்தைக் காவல் காக்கிறது. சென்டாரஸ் எக்ஸ்-3இன் பிரகாசத்தை அது அளந்து அளந்து வெறும் எண் பட்டியலாக இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. அதை இறக்கிக்கொள்ளுங்கள். 2.087 நாளுக்கு ஒரு மடிப்பாக மடித்து வரைபடம் போடுங்கள். கிரகணம் உங்கள் கண்முன் பள்ளமாக வந்து நிற்கும். அந்தப் பள்ளத்தின் அகலத்தை அளந்தால் துணை விண்மீனின் பருமன் கிடைக்கும். அது முடிந்ததும் ஆஸ்ட்ரோசாட் காப்பகத்துக்குப் போங்கள், துடிப்பை எடுங்கள், நாற்பது விநாடியை நீங்களே கண்டுபிடியுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இயற்பியல் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் செய்முறைத் திட்டம் ஒன்று செய்கிறார்கள். வரும் ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மாணவருக்காவது சென்டாரஸ் எக்ஸ்-3இன் பாதையை அளக்கும் வேலையைக் கொடுங்கள். தரவு இலவசம், மென்பொருள் இலவசம், உழைப்பு மட்டுமே நம்முடையது.